பட்டினம் என்று பேர்

எங்கள் ஊர்ப் பேரில் பட்டினம் இருக்கிறது,
கடல் இல்லை.
காவேரிப்பட்டணம் என்று போர்டு எழுதியிருக்கிறது,
காவேரியும் இல்லை.
ஓடுவது தென்பெண்ணை.
அதுவும் பங்குனியில் ஓடுவதில்லை,
நடக்கிறது.

இதையெல்லாம் அஞ்சலாட்சியிடம்
மூன்று வருடம் சொல்லியிருக்கிறேன்.
ஓசூர் கம்பெனி விடுதியில் அவள் மேல் கட்டில், நான் கீழ்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
காலை வெயிலுக்குப் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு
"உன் பட்டினத்துக்கு ஒருநாள் வரேன் முனி" என்பாள்
பலகை இடுக்கு வழியாக.

அவள் தாழங்குடாக்காரி.
இதே ஆறு போய்க் கடலில் விழும் இடம்.
கெலவரப்பள்ளி அணைக்கு ஒரு ஞாயிறு கூட்டிப்போனேன்.
ஆளுயர வெள்ளை நுரை, அத்தனையும் பெங்களூர்ச் சாக்கடை.
"அலையே இல்லாம நுரைய மட்டும் வச்சிருக்கீங்களே" என்றாள்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒப்பந்தம் முடித்து எங்களை அனுப்பிவிட்ட மறு வருடம்,
இந்தப் பங்குனியில்,
வந்தேவிட்டாள்.
விழுப்புரம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை என்று பஸ் மாறி மாறி
தெர்மாகோல் பெட்டியில் வஞ்சிரத்தைக் கிடத்தி,
கசிந்த ஐஸ் தண்ணீருக்காக
மூன்று கண்டக்டரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு.

குழம்பு அவள்தான் வைத்தாள்.
தோப்போரம் காற்றுக்கு உதிர்ந்த மாவடுவைப் பொறுக்கி வந்திருந்தாள்.
செந்தூராவா பெங்களூராவா என்று பார்க்க எடுத்தேன்.
"பிஞ்சுக்கு எதுக்குடி ஜாதகம்" என்று பிடுங்கிக்
கீறிப் போட்டாள்.
தெரு முழுக்கக் கடல் மணத்தது.
மூன்றாம் வீட்டுப் பூனை எங்கள் வாசலில் குடியேறியது.

சாயங்காலம் ஆற்றுக்கு.
புங்க மரத்தடியில் யாரோ
பொரி மூட்டையைத் தவறவிட்டதுபோல் பூ.
அதைத் தாண்டி மணல், டிராக்டர் தடம்,
கால் நனைக்கக் கொஞ்சம் தண்ணீர்,
நடுவில் பாறைமேல் இறக்கை காயப்போட்டிருந்த ஒரு நீர்க்காகம்.
எனக்கு வெட்கமாக இருந்தது,
துவைக்காத துணி கிடக்கும் அறைக்கு
விருந்தாளியைக் கூட்டி வந்ததுபோல்.

அவளோ அவ்வளவு தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.
விரலை எச்சில் பண்ணிக் காற்றில் பிடித்து
"கச்சான்" என்றாள். "மலைக்காத்து.
இன்னிக்கு உங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போகாதீங்க."
மண்டியிட்டு மணலைத் தோண்டினாள்.
முழங்கை ஆழத்தில் ஊறியது.
ஒரு கை அள்ளிக் குடித்து, யோசித்து,
"கடலுக்குப் பத்தடி தள்ளித் தோண்டினா
எங்களுக்கும் இப்படித்தான் இனிக்கும்" என்றாள்.

நான் ஒரு புங்கங்கொத்தைத் தண்ணீரில் விட்டேன்.
"உன் வீட்டுக்கு."
"சாத்தனூர்ல அணை நிக்குது, தெரியுமில்ல?"
"தெரியும்."
"சரி, ஐப்பசியில திறப்பாங்க. அதுவரைக்கும் கிடக்கட்டும்."

அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னாள்,
சுடிதாரைப் பிழிந்துகொண்டே:
"அணை திறந்தா உங்க ஆத்துத் தண்ணி
எங்க வாசப்படி ஏறி, ரெண்டு தடவ
அடுப்படி வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு.
நீதான் இன்னும் வரல."

பதில் யோசிப்பதற்குள் நீர்க்காகம் எழுந்து போய்விட்டது.
நிப்பட்டைப் பாதி உடைத்து அவளிடம் நீட்டினேன்.
பெரிய பாதியை எடுத்துக்கொண்டாள்.
இருட்டில் செருப்பைத் தேட அரைமணி நேரம் ஆனது,
போன் வெளிச்சத்தில் ஒன்று கிடைத்தது,
மற்றதை நாய் கொண்டுபோயிருந்தது.

ராத்திரி தரையில் பக்கம் பக்கமாகப் படுத்தோம்.
மேல் கட்டில் கீழ்க் கட்டில் இல்லாமல்.
பைபாஸில் லாரி போய்க்கொண்டிருந்தது,
ஒன்று ஓய்ந்து ஒன்று.
"யாருடி கடல் இல்லன்னு சொன்னது" என்றாள்
பாதித் தூக்கத்தில்.

பெரிய பாரம் ஏற்றிய ஒன்று
ஜன்னல் கம்பி அதிர நெருங்கி வந்தது.
நனைந்துவிடும் என்பதுபோல்
காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.