ஆறாம் காலிலிருந்து இரண்டாம் காலுக்கு

கொட்டாஞ்சேனைக் கல்யாண மண்டபத்து மிக்சர்
மேசையில் மல்லாந்து கிடக்கிறது.
மூன்றாம் சனல் ஊமை.
பெண்ணின் மாமா மைக்கைத் தட்டினாராம்,
'டப்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லையாம்.

முதலாம் குறுக்குத் தெருவில் நாலுமணி மழை.
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை:
இரண்டு பேர், ஒரு மின்விசிறி, ஈயப் புகை.

புத்தகத்தில் இதற்குச் செயற்பாட்டு விரியலாக்கி என்று பெயர்.
நாங்கள் எட்டுக்காலி என்போம்.
காது இரண்டு. அவை கேட்பதில் உள்ள வித்தியாசத்தை
இரண்டு லட்சம் மடங்காக்கிச் சொல்ல ஒரு வாய்.

மைக் வாசலைப் புவியோடு கட்டினேன்.
காதிரண்டிலும் ஒரே மௌனம். பூச்சியம் வரவேண்டும்.
மல்ரிமீற்றரில் சய பத்தரை.
பன்னிரண்டைத் தொட முடியாமல்
நிலத்துக்கு ஒரு சாண் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

கழற்றிப் புதியதைப் போட்டேன்.
அதே இலக்கம், அதே கொம்பனி.
சக பத்தரை!
முந்தியதற்கு நிலம், இதற்குக் கூரை.
பிறக்கும்போதே உள்ளே ஒரு மில்லிவோல்ற் கோணல்,
ஒன்றுக்கு இடம், ஒன்றுக்கு வலம்;
குறுக்கே பேச ஆளில்லாவிட்டால்
அந்தக் கோணல்தான் முழுத் தீர்ப்பும்.
நடு அதற்குத் தெரியாமலில்லை.
கண்ணிமைக்க முன்னமே தாண்டிப் போய்விடுகிறது.

கேதீசுக்கு எழுதி மூன்று நாள்.
"காணி உறுதியில நீயும் கையெழுத்து வைக்கவேணும்."
நீலக் கோடு இரண்டு. பதிலில்லை.
திங்கள் இரவு அவன் என்னைக் கள்ளி என்று நினைத்தான்.
செவ்வாய் விடியப் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான்.
இடையில் ஒருத்தன் வேலைக்குப் போய், சாப்பிட்டு,
பிறகு எழுதுவம் என்று படுத்திருக்கலாம்.
அங்கே என் முள் நிற்கவேயில்லை.

அடுத்த மேசையில் இம்தியாஸ்
138 பஸ் கொண்டக்டர் இருபது ரூபா மிச்சம் தராத கதையை
மூன்றாம் தரம் சொல்கிறான்.
நான் பூதக்கண்ணாடிக்குள்.
முதற் தரம் அது இருபது ரூபா.
இப்போது நாடே அவனை ஏமாற்றிவிட்டது,
குரல் மழைத் தகரத்துக்கும் மேலே.

"ம்," என்றேன்.

"பிறகென்ன," என்றான், தணிந்து,
"நுகேகொடையில இறங்கிட்டன்."

கண்டுவிட்டேன். ஆறாம் காலிலிருந்து
இரண்டாம் காலுக்குத் திரும்பிவரும் தடையி,
மயிரளவு வெடித்து, ஒரு பக்கம் விட்டிருந்தது.
சொன்னதைச் சொன்னதன் காதுக்கே,
அதுவும் எதிர்க்காதுக்கு,
கொண்டுபோகிற ஒரே ஒழுங்கை.
ஒரு சொட்டு ஈயம்.
இரண்டு லட்சத்தை விட்டுக்கொடுத்துப்
பத்து மடங்கோடு அடங்கியது எட்டுக்காலி.
மீற்றரில் பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று.
கோணல் எங்கும் போகவில்லை.

பற்றுச்சீட்டில் எழுதுகிறேன்: தடையி ஒன்று, ரூபா ஐந்து.
கூலி எவ்வளவு போட என்கிறான் இம்தியாஸ்.
போன் மேசையில், கவிழ்ந்தபடி.