குறிப்பு என்னும் கட்டம்

மடைச்சுவரில் வெள்ளையடித்த அளவுகோல்.
காலை ஆறரைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து
நோட்டில் எழுதவேண்டும்.
தேரூர் குளத்தில் என் வேலை அவ்வளவுதான்.
பிறகு மடை திறப்பது, அடைப்பது,
இரண்டு கரைக்காரரிடமும் ஏச்சு வாங்குவது.

தேதி. நேரம். அடி. அங்குலம்.
கடைசியில் அகலமாய் ஒரு கட்டம்: குறிப்பு.
எனக்கு முன்னிருந்த ஞானதாஸ்
பதினோரு வருடமும் அதில் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறார்.
அழகான கையெழுத்து.

ஜனவரி பதினெட்டு. ஒன்பது அடி இரண்டு அங்குலம்.
செம்பருந்து ஒன்று கம்போடு போனது.
ஏன் எழுதினேன் என்று தெரியாது.
எழுதிவிட்டேன்; அரசாங்க நோட்டு, கிழிக்கவும் முடியாது.

கரையிலிருந்து நாலாவது தென்னை, தாணுமாலயனுடையது.
அதன் மண்டையில், மட்டைகளுக்கு நடுவே,
சுள்ளி, சேற்றுக்கட்டி, மீன்வலையின் நீலத்துண்டு,
யார் வீட்டுக் கொடியிலிருந்தோ
பறந்து வந்த ஒற்றைச் சாக்ஸ்.
கூடு என்று சொல்ல வாய் வராது.
வெள்ளம் வடிந்தபின் கலுங்கில் மாட்டிக்கொண்ட குப்பை.
அதில்தான் இரண்டும் மாறிமாறி உட்கார்ந்தன.
கீழிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைத் தலை,
அதுவும் காற்று மட்டையை விலக்கினால்.

தாணுமாலயன் வந்து செருப்பைக் கழற்றி
கன்னத்தில் போட்டுக்கொள்வார்.
அண்ணாந்த தலையை இறக்காமலே குலைகளை எண்ணுவார்.
"பெருமாள் வாகனம்தான், ஒத்துக்கிடுதேன்.
அதுக்காக ரெண்டு வெட்டு நிக்கணுமா, நீயே சொல்லு ஐடா."
நான் அளவுகோலில் பாசி துடைத்தேன்.

மீன்காரி பிலோமிக்கு அந்த நகங்களோடு பழைய வழக்கு.
ஸ்கூட்டரை நிறுத்தும்முன் பெட்டியை மூடுவாள்.
"வாகனமாம்! சாளை கிலோ என்ன விலைன்னு
அவருக்குத் தெரியுமா?"

பிப்ரவரி கடைசியில் பேச்சிப்பாறையை அடைத்தார்கள்.
ஆறு அடி. ஐந்தே முக்கால். ஐந்தரை.
பிந்தி நட்டவர்களின் கும்பப்பூ
கதிரில் பால் பிடிக்கும் நேரம்.
ராத்திரி வந்து மடைப்பூட்டைக் கல்லால் தட்டினார்கள்.
"தண்ணி வத்துது, நீ பருந்தைப் பாத்துட்டு நில்லு."

நின்றேன்.
தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் நெருங்கின.
பத்து மணிக்குள் ஏழு முறை இறங்கியது;
ஆறு முறை வெறுங்காலோடு போகவில்லை.
ஒருவர் வயல் வெடிப்பதும்
இன்னொருவர் வயிறு நிறைவதும் ஒரே அங்குலத்தில்.
இதை நான் நோட்டில் எழுதவில்லை.

நீர்த்தொட்டி ஏணியில் தொண்ணூற்றிரண்டு படி.
என் முழங்காலுக்கு அது அதிகம்.
ஏறிப் பார்த்தேன்: பஞ்சுபோல இரண்டு,
ஒன்று மற்றதைவிடப் பெரிது.
முதல் துண்டு பெரியதுக்கு. இரண்டாவதும்.
ஒன்பது நாள் கழித்து ஏறியபோது
சின்னது இருந்த இடத்தில் செதில்கள்.
குறிப்பு: ஒன்று.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்த ஏ.இ. மேடம்
அந்த 'ஒன்று' மேல் பேனாவை நிறுத்தினார்.
"இது என்ன, ஒரு அடியா?"
"இல்ல மேடம்."
முந்தின பக்கங்களைப் புரட்டினார். நேரமாகப் புரட்டினார்.
மெமோ வரும் என்று நின்றேன்.
"இன்னொண்ணு என்னாச்சு?"
சொன்னேன்.
கையெழுத்துப் போட்டு, நோட்டைத் தந்து,
"அங்குலத்தைத் தெளிவா எழுதுங்க" என்று
ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஏப்ரல் பத்தொன்பது.
மட்டை நுனிக்கு வந்து நின்றது அது.
வெள்ளை இல்லை, செம்மை இல்லை,
முழுக்கத் தவிட்டு நிறம்.
விழுகிறது என்று நினைத்தேன்.
விழுந்துகொண்டே போய்
தாமரை இலைகளுக்கு ஒரு முழம் மேலே
சிறகு அதற்கு ஞாபகம் வந்தது.
தாணுமாலயன் பார்த்தார்.
"ஏதோ காட்டுப் பருந்து" என்றார்.
கை கன்னத்துக்குப் போகவில்லை.

மறுநாள் வெட்டு. அறுபத்துமூன்று தேங்காய்.
சாக்ஸும் கீழே விழுந்தது,
மீன்முள் குத்திக்கொண்டு.

அன்று தண்ணீர் அளவுகோலின்
கடைசிக் கோட்டுக்கும் கீழே கிடந்தது.
அடி என்ற கட்டத்தில் எழுத எண் இல்லை.
குறிப்பு:
மருந்துவாழ்மலைப் பக்கம் போனது.
ஆறரை வரை திரும்பவில்லை.