ஒற்றைப்படை

பராகுவேயின் சாக்கோவில் ஆறு கிடையாது.
கூரையில் விழும் மழையைத் தொட்டியில் தேக்கி
வருடம் முழுக்க அளந்து குடிப்போம்.
அந்தப் பெரிய வியாழன் மாலை
தொட்டியிலிருந்து இறைத்தவள் என் அக்கா லேனா.
அடுப்பில் ஏற்றி, விரல் விட்டுச் சூடு பார்த்து,
இரண்டு எனாமல் ஜாடிகளை
ஆண்கள் பக்கத்து வாசல்வரை சுமந்தவளும் அவள்தான்.
அங்கே நான் வாங்கிக்கொண்டேன்.
வாசல்வரை அது அவள் தண்ணீர்.
உள்ளே, பன்னிரண்டு வயதுப் பையனின் தண்ணீர்.

நடுவே கம்பியில் வெள்ளைத் திரை.
ஆண்கள் இடுப்பில் சீலை கட்டியிருந்தார்கள்,
கர்த்தர் கட்டியதுபோல.
மற்ற நாளெல்லாம் இடுப்பில் துணி கட்டி
மாவையும் கோழி ரத்தத்தையும் அதில் துடைப்பவர்கள்
திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

இருவர் இருவராக உட்கார்ந்தார்கள்.
ஒருவர் குனிய, ஒருவர் நீட்ட, பிறகு மாறி.
மொத்தம் முப்பத்தேழு பேர்.
பொருளாளர் கொர்னேலியுஸ் கீஸ்பிரெக்ட் மிஞ்சிவிட்டார்.
ஒரு காலுறையை மட்டும் கழற்றிவிட்டு
யாராவது வருவார்கள் என்று
வெறும் பாதத்தைத் தரையில் வைத்துக் காத்திருந்தார்.

அந்தப் பக்கமும் ஒருத்தி மிச்சம்,
அகநேத்தா டூயெக்.
இரவில் அவள் கூட்டி எழுதித்தரும் கணக்கைத்தான்
வருடாவருடம் அவர் சபை முன் எழுந்து நின்று வாசிப்பார்.
பிழை இருந்ததே இல்லை.
பெயரும் இருந்ததில்லை.

வளையங்கள் கம்பியில் கரகரவென்று நகர்ந்தன.
கிண்ணத்தோடு வந்தாள்.
மண்டியிடுவாள் என்றே எல்லோரும் நினைத்தோம்.
எதிர் பெஞ்சில் உட்கார்ந்து
தன் காலை நீட்டினாள்.

வெடித்த குதிகால்.
மாட்டுக் கொட்டகை ஏறிக் கறுத்த நகக்கண்.
போதகர் இருமினார். வேதத்தைப் புரட்டினார்.
தேடிய வசனம் கிடைக்கவில்லை,
அல்லது வேறொன்று கிடைத்துவிட்டது;
மூடி வைத்தார்.

கொர்னேலியுஸ் என்னைப் பார்த்தார்.
என்னிடம் என்ன இருந்தது, தண்ணீரைத் தவிர?
ஊற்றினேன்.

அவர் முழங்கால் தரையைத் தொட வெகுநேரம் பிடித்தது.
கழுவத் தெரியவில்லை அவருக்கு.
பசுவின் மடியைத் துடைப்பதுபோல் துடைத்தார்.
“விரலிடுக்கிலும்” என்றாள்.
விரலிடுக்கிலும் கழுவினார்.
யாரோ சிரித்தார்கள்.
எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது,
திரை பாதி திறந்தே கிடந்தது.

பிறகு அவர் காலை அவள் கழுவினாள்,
மளமளவென்று, ஏழு பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கையால்.
அவர் அழுதாரா, நீராவியா, தெரியாது.
நான் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவருடம் மூப்பர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார்கள்.
பக்கத்துக் காலனியிலிருந்து ஒருவரை வரவழைத்து
இரட்டைப்படை ஆக்கினார்கள்.
திரையும் புதிது, கனத்த துணி.

வாசலில் நான் கை நீட்டினேன்.
லேனா ஜாடியைத் தரவில்லை.
“ஆறிப்போகிறது” என்றாள்,
“வழி விடு.”