ஓயில் இறங்கும் வாரம்

கோழிக்கூட்டுக்கும் மதிலுக்கும் இடையில்
உரபேக் போர்த்தி நின்றது.
சபூர்தீன் உரித்துக் காட்டினார்.
ஹொண்டா சீடி நூற்றிருபத்தைந்து,
இரட்டைச் சிலிண்டர்.
பாலம் கட்ட முந்தி
பாதையில் ஏறிக் கிண்ணியாத் துறை கடந்த வண்டி.
சீற்றில் ஒரு கோழி முட்டையிட்டுப் பழகியிருந்தது.

"யாருக்கு டீச்சர், மாஸ்டருக்கா?"
எனக்கு என்றேன்.
முட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
விலை சொன்னார்:
ஒன்று பத்து.

கிக்கரில் கால் வைத்தேன்.
கல்லில் வைத்தது போலிருந்தது.

செஸி இலக்கத்தை லொக் புக்கோடு பார்த்தேன்.
ஓர் எட்டு மட்டும் மூன்றாகத் தெரிந்தது.
நகத்தால் சுரண்ட எட்டாகிவிட்டது.
டாங்கிக்குள் டோர்ச் அடித்தேன்:
தேயிலைத் தூளாய்த் துரு.
சைலன்சருக்குள் குளவி மண் பூசியிருந்தது.
இரும்பு, நீர், ஒட்சிசன்,
உப்பு சேர்ந்தால் விரைவு.
பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப்
பதினாறு வருடமாய் இதைப் படிப்பிக்கிறேன்.
அந்தப் பாடத்தின்படி பதில்
வாங்காதே என்பதுதான்.

பிளக் இரண்டையும் கழற்றினேன்.
இடதுபக்கத்தது கொஞ்சம் அழுது வந்தது.
சோதனைக்குழாய்க்கு ஊற்றிப் பழகிய கையால்
இரண்டு குழியிலும் ஓயில் ஊற்றினேன்.
"வாற ஞாயிறு வாறன்.
கிக்கர் அசைந்தால் எடுப்பன்."

உவர்மலையில் தயாநிதி கேட்டார்:
"ஓடுமோ?"
ஓடாது.
"ஓட்டப்போறீரோ?"
தெரியாது.
"உங்கட அப்பா வைச்சிருந்தவரோ இப்பிடி ஒண்டு?"
அப்பாவிடம் சைக்கிள்கூட இருந்ததில்லை.
அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.
காரணம் இல்லாத ஆளோடு
எதைச் சொல்லி வாதாடுவது?

செவ்வாய்க்கிழமை,
பிள்ளைகளுக்கு முதுகு காட்டிச் சமன்பாடு எழுதுகையில்
இப்போது முதலாவது ரிங்கில் நிற்கும் என்று நினைத்தேன்.
வியாழன், பஸ் நிலையத்தில் ஒரு மான்
லொத்தர் சீட்டொன்றை மென்றுகொண்டிருந்தது.
நான் கணக்குப் பார்த்தேன்.
ரயர் இரண்டு. செயின் செற். பற்றரி.
காபரேட்டருக்குள் கைவைத்தால் கடவுள்தான்.
இரண்டு லட்சத்தைத் தாண்டியதும்
தாளைத் திருப்பி
மறுபக்கத்தில் முதலிலிருந்து தொடங்கினேன்.
சனி இரவு நித்திரை இல்லை.
காற்று உப்போடு யன்னலைத் தட்டியது.
இருட்டில் எங்கோ
மெல்ல, மிக மெல்ல,
எதையோ ஒன்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு.
உரபேக்கைக் காணோம். கோழியையும் காணோம்.
சீற்றைத் துடைத்து வைத்திருந்தார்.
நான் கால் தூக்கமுன்
சபூர்தீன் தன் காலை வைத்தார்.
அரை விரல் இறங்கியது.
பிறகு சட்டென்று முழுவதும்.
பிளக் குழிகளிலிருந்து
கறுப்புத் துளிகள் என் சுடிதாரில் தெறித்தன.

"மூன்று நாளாய் இறங்குது டீச்சர்."
அவர் குரல் மாறியிருந்தது.
"ஒன்று ஐம்பது."

போன கிழமை ஒன்று பத்து.

"போன கிழமை இது சீஸான வண்டிதானே."

என்ட ஓயில் என்றேன்.
ஓயிலுக்குக் காசு தாறன் என்று உள்ளே போனவர்
தேத்தண்ணியோடு வந்தார்.
இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தபடி குடித்தோம்.
சீனி கூட.

திரும்பி வருகையில்
பாலத்தின் நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
கீழே ஒரு வள்ளத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒன்று முப்பதுக்குத் தருவாரா?
ஒன்று இருபத்தைந்துக்கு?
பொத்தானை அமத்தினால் புறப்படும் ஸ்கூட்டி
ஒரு குற்றமும் செய்யாமல்
பக்கத்தில் நின்றது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வலது கால்
செருப்போடு ஒருதரம்
காற்றை உதைத்தது.