கெழக்கே, இன்னும் கொஞ்சம்

அருளப்பன் வீட்டு டிவியை
நான் பார்த்ததே இல்லை.
மொட்டை மாடியில் இருந்தேன்.

கடியபட்டணத்தில் எங்கள் தெருவுக்கு
கான்கிரீட் போட்ட வீடு அது ஒன்றுதான், பஹ்ரைன் காசு.
முன்னறைத் தரையில் முப்பது பேர்,
ஜன்னல் கம்பிகளில் எட்டு.
எனக்கு முழங்காலில் சிரங்கு.
அருளப்பன் பெண்டாட்டியிடம் புதுப் பாய்.
“நீ மேல போயி கம்பத்தப் பிடிலே கஸ்பாரு,
ஒனக்குத்தான் கை பலம்.”

பலம் என்ற சொல்லை நம்பி
நாலு வருடம் பிடித்தேன்.

வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம்.
தென்னைக்கு உரம் வைக்கச் சொல்வார் ஒருவர், மலையாளத்தில்.
தென்கிழக்கே கடல் தாண்டி ரூபவாகினி.
சிங்களத்தில் யாரோ சிரிப்பார்கள்,
நடுவில் கொஞ்சம் தமிழ் வரும்,
நம் தமிழ்தான்,
குளித்துத் தலைவாரிய மாதிரி.
வடக்கே கொடைக்கானல்,
சொல்லாமல் வந்து
சாயா குடிக்குமுன் கிளம்பிவிடும் விருந்தாளி.

அலுமினியக் கம்பியில் காக்கை உட்கார்ந்தால்
கீழே செய்தி வாசிப்பவருக்கு வாய் கோணுமாம்.
ஜெசிந்தா சொன்னதுதான்.

பின்ஜன்னலில் நிற்பாள் ஜெசிந்தா,
கண் உள்ளே, வாய் வெளியே.
“வந்துட்டு... போச்சு...
கெழக்க, இன்னும் கொஞ்சம் கெழக்க,
அய்யோ கையெடுக்காத!”

ஐப்பசிக் காற்று. ஒரு வியாழக்கிழமை.
டிவியின் சத்தம் மாடி வரை ஏறவில்லை,
அவள் குரல் மட்டும் ஏறியது.
“கடுதாசியக் கிழிச்சாச்சு. அழுவா.
இப்ப ஒரு யானை வருது.”
“எதுக்கு பிள்ளே யானை?”
“வருது, அவ்வளவுதான்.
அவள ஏத்திட்டுப் போவுது. ஆத்துல இறங்குது.
தும்பிக்கையில வெளக்கு வச்சிருக்கு.”

முட்டம் விளக்கு சுற்றிச் சுற்றி
என் மேல் பட்டுப் பட்டுப் போனது.
அதையும் அங்கே ஒருவன்
கம்பம் பிடித்துத் திருப்புகிறான் என்று நினைத்தேன்.
பாவம், அவனுக்குக் கதை சொல்ல யார்?

போன செவ்வாய்
வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தேன்.
மகன் போனை நீட்டினான்,
அந்தத் தொடர், பதினோரு பாகமும்,
யாரோ புண்ணியவான் ஏற்றியிருக்கிறான்.
தலைப்பு இசை வந்ததும்
உள்ளங்கையில் துரு நாறியது.
கடிதம் கிழிந்தது. அவள் அழவில்லை.
அடுப்பை அணைத்தாள், கதவைப் பூட்டினாள்,
பஸ் ஏறினாள்.
பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன்.
பஸ்தான்.

ஜெசிந்தா குவைத்தில் நர்ஸ்.
டவர் கிடைக்க மாடியேறிக் கூப்பிட்டேன்.
“யானையா? எந்த யானை?”
கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு சிரிப்பு.
“அண்ணைக்குக் காத்துல படம் போயாச்சு மக்கா.
பொரி வறுத்த மாதிரி வெள்ளை வெள்ளையா.
எல்லாரும் பாயச் சுருட்டிட்டுப் போனாவ.
ஒன்ன இறங்கச் சொல்லத்தான் ஜன்னலுக்கு வந்தேன்.”

“பின்ன ஏன் சொல்லல்ல?”

அவள் பேசியது துண்டு துண்டாக வந்தது.
தண்ணித் தொட்டியைச் சுற்றிக் கிழக்கே நகர்ந்தேன்.
“இப்ப கேக்குதா? இப்ப?”
“...நீ அப்பிடிப் பிடிச்சிட்டு நின்ன” என்றாள்,
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.
வார்டில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

இறங்கி வந்தேன்.
ஈயமும் நூலும் போட்டது போட்டபடி.
“கடைசில என்ன ஆச்சுப்பா அவளுக்கு?” என்றான் மகன்,
போனிலிருந்து தலை தூக்காமல்.

ஒரு ஈயம் கோத்தேன்.
இன்னொன்று கோத்தேன்.

“யானை வந்துது.”