நாலாவது வாய்தா

சனிக்கிழமை. இரணியல் கோர்ட்டுக்கு லீவு,
எங்களுக்கு இல்லை.
வக்கீல் சங்கத்து மாடியில் ஐம்பத்தாறு பேர்,
அதைவிட ஒன்று குறைவாகக் குடைகள்.
புரொஜெக்டருக்கு வெள்ளைச் சுவர் வேண்டுமென்று
முன்னாள் தலைவர்களின் படங்களில் நான்கைக் கழற்றினோம்.
ஆணிகள் மட்டும் நின்றன,
மதுரையிலிருந்து வந்த அதிகாரியின் முதல் வரியில்
யாரும் வைக்காத முற்றுப்புள்ளிகளாக.

"எதிருரைக்கு இனி இத்தனை நாள்.
அதற்குமேல் ஒரு நாளும் இல்லை."
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
"ஒரு கட்சிக்கு மூன்று வாய்தா.
நாலாவதற்குக் கதவு கிடையாது."
இம்முறை எல்லோரும் இருமினோம்.

கேள்விகள் இருந்தன, கேட்டோம்.
ஸ்கேன் செய்யும் ஆதாரம் மலையாள எழுத்தில் இருந்தால்?
கொல்லவருஷத்தை எந்தக் கட்டத்தில் நிரப்ப?
கடைசி நாள் ராத்திரி பதினொன்று ஐம்பதுக்கு
கரண்டு போய்
பாதி ஏறி நிற்கும் பிராது
தாக்கலா, இல்லையா?
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.
பதில் அடுத்த பயிற்சியில், என்றார்.
"இதுவும் வாய்தாதான்" என்றார் ஐசக் ஜெபமணி,
என் காதுக்கு மட்டும்.

குமாஸ்தாக்களுக்கு அழைப்பில்லை.
ஜன்னலுக்கு வெளியே, சாரலில்,
ராஜையன் தன் சிட்டையில் குறித்துக்கொண்டிருந்தார்.
திங்கட்கிழமை எல்லாவற்றையும் செய்யப்போவது அவர்தான்.

ஐசக்கும் நானும் ஒரு வழக்கில் எதிரெதிர்.
தாசம்மைக்கு நான்,
வழியை அடைத்த செல்லத்துரைக்கு அவர்.
மூன்றடி வழி. ரப்பர் விளையின் ஓரமாய்
அவள் புரையிடத்திலிருந்து ரோட்டுக்கு.
பத்தொன்பது வருஷம்.
அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாய்தா,
என் பித்தப்பைக் கல்லுக்கு ஒன்று,
அமீனா வேறொரு செல்லத்துரைக்குச் சம்மன் கொடுத்துவந்ததில் மூன்று,
கமிஷனர் அளக்கப்போன அன்று மழை,
மறுமுறையும் மழை.
மற்றவற்றுக்குக் காரணமே எழுதவில்லை.
ஒவ்வொரு மனுவின் ஓரத்திலும்
என் கையெழுத்தில் இரண்டு சொல்:
ஆட்சேபணை இல்லை.
மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு தேதிக்கும் அவள் வந்தாள்,
நகத்தில் ரப்பர் பால் காய்ந்திருக்க.
"எனக்க வழி எப்பம் கிட்டும் மக்களே?"
வாய்தா, என்பேன்.
வாய் தா என்றுதான் அவள் கேட்டது.
ஒருநாள்கூடக் கூண்டில் ஏற்றவில்லை.
தேதி தந்தேன்.

பழம்பொரி, சாயா. பிறகு செய்முறை,
மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்.
இல்லாத ஒரு கட்சிக்காரருக்கு
நடக்காத ஒரு வழக்கைத் தாக்கல் செய்யுங்கள், என்றார்.
விரல் தானாக அடித்தது: தாசம்மை.
வழக்குமூலம் எழுந்த நாள்?
காலண்டரைப் பின்னால் தள்ளினேன்,
மாதம் மாதமாக,
அம்புக்குறியை அழுத்தி அழுத்தி.
"வருஷத்தத் தொட்டா நேரா போவும் அக்கா"
என்றாள் ஷைனி, போன ஆண்டு பதிவானவள்.
தெரியும்.
நான் நிறுத்தவில்லை.
இருநூற்று இருபத்தெட்டு.

நாலரைக்குச் சான்றிதழ். என் பெயரில் ஒரு கால் கூடுதல்.
படிக்கட்டில் ஐசக் காத்திருந்தார்.
"திங்கக்கிழமை அந்த வழிக்கேசு வருது.
புது விதி வாறதுக்கு முன்னே
கடைசியா ஒண்ணு கேட்டுக்கிடட்டா?"
பழைய சிநேகம்.
பழைய இரண்டு சொல்லும் வாயில் வந்து நின்றன.
பின்னதை விழுங்கினேன்.
அவருக்குக் கேட்டது ஒன்றுதான்.

மழை விடவில்லை. குடை இல்லாத அந்த ஒருவர் அவர்.
என் குடையில் தக்கலை பஸ்ஸுக்கு நடந்தோம்,
ஒன்றும் பேசாமல்,
ஆளுக்கொரு தோள் நனைய.