ஆயிரத்து மூன்று

பேரிலேயே நனைந்துகிடக்கும் ஊர் இது,
நனைமோ.
நவம்பரில் மழை என்று சொன்னால்
யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

காகிதக்கூழ் ஆலையில் இரவு வேலை முடிந்து
வெண்டெல் வந்தார்,
பூட்ஸைக் கழற்றட்டுமா என்று கேட்டபடி.
வேண்டாம் என்றேன். கழற்றினார்.
பதினொரு நாளாய்த் தூக்கமில்லையாம்.
கூட வேலை செய்கிறவன் கொடுத்தது,
வெறும் தூக்க மாத்திரைதான்,
மூன்று,
ஒரு லாட்டரிச் சீட்டில் மடித்து.

ஒன்றின் ஓரத்தைச் சுரண்டினேன்.
உப்புக்கல்லில் பாதிகூட இல்லை.

முதலில் வழக்கமான வழி.
கருஞ்சிவப்புக் கதிர் தூளில் விழும்.
விழுந்த ஒளி விழுந்த நிறத்திலேயே திரும்பும்.
கோடியில் ஒன்றுதான்
உள்ளே எதையோ உலுக்கிவிட்டு
கொஞ்சம் களைத்து, நிறம் மாறி வரும்.
அந்த ஒன்றுக்குத்தான் வாய் உண்டு.
மற்றதெல்லாம் கூட்டம்.

திரையில் சர்க்கரை. சர்க்கரை மட்டும்.
"பார்த்தாயா" என்றார் வெண்டெல்.

இன்னும் பார்க்கவில்லை.

வெள்ளியை எடுத்தேன்.
நகத்தளவு கண்ணாடித் துண்டு, மேலே ஒரு படலம்.
முகம் பார்க்க ஆகாது,
பழைய டீக்கறை மாதிரி பழுப்பாய் இருக்கும்.
வழுவழுப்பான வெள்ளி எனக்கு உதவாது;
வந்ததை வாசலோடு திருப்பி அனுப்பும் பெரிய மனிதர் அது.
இது வேறு.
ஒரு மயிரைப் பல்லாயிரமாய் வகிர்ந்த அளவில்
தீவு தீவாய் வெள்ளி,
தீவுக்கும் தீவுக்கும் நடுவே இடுக்கு.
ஒளி பட்டதும் உலோகத்தின் எலக்ட்ரான்கள்
நெரிசல் பஸ்ஸில் நிற்கிறவர்களாய்
ஒரே பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து,
சேர்ந்தே ஆடும்.
ஆட்டமெல்லாம் இடுக்கில் வந்து குவியும்.
அங்கே மாட்டிய மூலக்கூறு
முணுமுணுத்தாலும்
ஊருக்கே கேட்கும்.

சர்க்கரைக்கு வெள்ளியோடு ஒட்டத் தெரியாது.
ஒட்டத் தெரிந்தது வேறொன்று.

ஒரு சொட்டில் கரைத்து விட்டேன். பத்து நொடி.
ஆயிரத்து மூன்றில் ஒரு முள் எழுந்தது.
ஆயிரத்து முப்பதில் அதன் தம்பி.

அந்த வளையம் வேறு பலரிடமும் உண்டு.
ஆகவே மீதி முட்களையும் ஒவ்வொன்றாய் ஒத்துப் பார்த்தேன்,
புதுத் துண்டில் மறுபடியும்.
அதற்குள் அவர் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்,
குப்பைத்தொட்டிக்கு மேலே, கவனமாக.

முதல் முள்ளுக்கு நாங்கள் வைத்த பெயர்
வளையத்தின் மூச்சு.
ஆறு கரியணுக்கள் கைகோத்து
விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி,
நொடிக்கு முப்பது லட்சம் கோடி முறை.
மனிதர் மூச்சை நிறுத்துகிற ஃபென்டனில்
தான் மூச்சுவிட்டு மாட்டிக்கொள்கிறது.

இதை அவரிடம் சொல்லவில்லை.
ஃபென்டனில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"எவ்வளவு?"

அதுதான் இந்த வெள்ளியின் குறை.
எந்த இடுக்கில் எத்தனை விழுந்தன என்று
அதற்குக் கணக்கு வராது.
ஓரிடத்தில் கத்தும், பக்கத்திலேயே ஊமை.
"இருக்கிறது என்று சொல்லும்.
எவ்வளவு என்று சொல்லாது."
"என் அண்ணனும் அப்படித்தான்" என்றார்.
சிரிக்கவில்லை.

நலோக்சோன் பொட்டலத்தை நீட்டினேன்.
தனியாய் இருக்கிறவன் மூக்கில்
யார் வந்து அடிப்பார்கள் என்றார்.
ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்,
இரவு முழுக்க எடுப்பார்கள் என்று.
என் கையெழுத்தைச் சத்தமாய்ப் படித்தார்,
ஏழா ஒன்றா என்று கேட்டார்.
ஏழு.

சுரண்டியதையும் இன்னொன்றையும் மேசையில் விட்டார்.
சோதிக்காத ஒன்று லாட்டரிச் சீட்டோடு போனது.
நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும்.

ஆலைக் காற்றில் கந்தகம் உண்டு,
திறந்து வைத்தால் வெள்ளி கறுத்துவிடும்.
மிச்சத் துண்டுகளை உறையிலிட்டு
விளிம்பை இருமுறை ஒட்டினேன்.
அவர் சட்டையின் வாசனை அறையில் நின்றது.

பூட்ஸ் இருந்த இடத்தில் இரண்டு குட்டை.
மத்தியானம்வரை துடைக்கவில்லை.